மேசையைத் தட்டியவன்

அவனுக்கு அமுக்குணி என்று பெயர் வைத்தவள் அவன் பெண்டாட்டி. பெண்டாட்டி ஆவதற்கு ஒரு வருடம் முன்பே வைத்துவிட்டாள்.

ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் அது. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை. மேலே ஏழு மாடியில் யாருக்கு என்ன ஆனாலும் கடைசியில் துணியாகத்தான் கீழே வந்து சேரும். அவன் பாய்லர் பார்ப்பவன். அவன் நீராவி விடாவிட்டால் அங்கே ஒரு துணியும் வேகாது, காயாது. அவள் கிழிந்ததைத் தைப்பவள். எல்லோரும் அவளைத் 'தையல்' என்றே கூப்பிட்டார்கள். வேலைக்கும் பொருந்தியது, பெண்ணுக்கும் பொருந்தியது.

மத்தியான இடைவேளை முக்கால் மணி நேரம். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம், மிச்சமெல்லாம் போக்கர். துணி மடிக்கிற மேசையைச் சுற்றி நாலு பேர். அவன், அவள், சூடான உருளைக்குள் விரிப்புகளைச் செலுத்தும் இஸ்திரிக்காரர், மற்ற கிளைகளிலிருந்து அழுக்கு மூட்டைகளை வேனில் ஏற்றி வரும் டிரைவர். டிரைவர் இளவயதில் கப்பல் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். ஆட்டம் அவரோடு கரையேறி வந்தது. அவர் தையலின் அக்கா புருஷன். அதனால் பிற்பாடு அமுக்குணிக்குச் சகலை ஆனார்.

பணயம், பொத்தான். டாக்டர்களின் கோட்டுப் பொத்தான்கள் இயந்திரத்தில் அறுந்து விழும். அவற்றைப் பொறுக்கி மறுபடி தைக்க வேண்டியவள் தையல். அவற்றை வைத்து ஆடியவளும் அவள்தான். அவள் தோற்ற வாரம் ஏழு மாடியிலும் டாக்டர்கள் கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவர் பார்க்கக் கூடாது. மேசைக்கு ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று ஒன்றாக விழும், பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு முறை விழுந்ததும் பொத்தான் வைக்கலாம். வைக்க மனமில்லை என்றால் விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டலாம். 'நான் ஒன்றும் வைக்கவில்லை, நீ பார்த்துக்கொள்' என்று அர்த்தம். இயந்திரங்களின் இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. தட்டுவதுதான் அங்கே பாஷை.

தையலுக்கு நல்ல கை வந்தால் ஒளிக்கத் தெரியாது. ஒளிக்கவும் மாட்டாள். பொத்தானை உள்ளங்கையால் தள்ளி நடுவில் கொட்டுவாள். "வந்திருக்கு எனக்கு. இருக்கறவன் இரு, பயந்தவன் எந்திரி."

அவன் நேர் எதிர். நல்ல கை வந்தால்தான் அவன் முகம் இன்னும் செத்துப்போகும். தட்டுவான். மறுபடி தட்டுவான். எதிராளி 'இவனிடம் ஒன்றுமில்லை' என்று நம்பிக் கொட்டி முடித்த பிறகு, கடைசிச் சீட்டில் மெல்லத் திறப்பான்.

"அமுக்குணி! ரெண்டு ராஜாவ மடியில வச்சுக்கிட்டுப் பிச்சைக்காரன் மாதிரி உக்காந்திருந்தியே, நல்லா இருப்பியாடா நீ?" என்று அவள் ஒருநாள் சீட்டை விட்டெறிந்தாள். பெயர் அன்றைக்கு ஒட்டியது.

"முதல்லயே ஏத்தினா நீ எந்திரிச்சுப் போயிடுவ. அப்புறம் ராஜாவ வச்சு நான் என்ன பண்றது?" என்றான்.

"ஏமாத்து வேல."

"பொறுமை. பொறுத்தார் பூமி ஆள்வார்."

"பொறுத்துக்கிட்டே இருந்தவன் பூமிக்குள்ள போயிடுவான்," என்றார் டிரைவர், சீட்டைக் கலைத்துக்கொண்டே. "தம்பி, தட்டறதுல ஒரு சங்கடம் இருக்கு. நீ தட்டுனா அடுத்த சீட்டு அவனுக்குச் சும்மா கெடைக்கும். ஓசியில வர்ற சீட்டுதான் ஆளக் கொல்லும்."

அவன் சிரித்தான். ஏனென்றால் தையலிடம் அவன் தட்டி ஒருநாளும் தோற்றதில்லை. அதற்குக் காரணம் அவனுடைய சாமர்த்தியம் அல்ல. அவன் தட்டினால் அவள் சும்மா இருக்கமாட்டாள், அவளே வைத்துவிடுவாள். அவ்வளவுதான். அது அவனுக்கு அப்போதும் புரியவில்லை, பின்னாலும் ரொம்ப நாள் புரியவில்லை.

கல்யாணப் பேச்சை எடுத்தவளும் அவள்தான். ஒரு வருடம் அவன் பாய்லர் அறைக் கதவோரம் நின்று அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான், மூச்சு விடவில்லை. ஒருநாள் அவள் ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டாள்: "நான் உங்களக் கட்டிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு எப்படி?" 'டா' போய் 'ங்க' வந்த இடம் அது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது: பார்த்தாயா, பொறுத்தாய், கிடைத்தது.

மூன்றாவது வருடம் அவள் வயிற்றில் இருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அதே மருத்துவமனை, நாலாவது மாடி. அவள் படுத்திருந்த விரிப்பும் கீழே வந்தது. யார் துவைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அவள் பேசிப் பார்த்தாள். அவன் பேசவில்லை. அழுதாள், சண்டை போட்டாள். அவன் சுவரைப் பார்த்தான். இரவில் வீட்டில் இருக்க முடியாமல் ராத்திரி ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் அவன் வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். பிரசவ வார்டிலிருந்து வரும் சின்னச் சின்னப் போர்வைகளை டிரைவர்தான் அவள் கண்ணில் படாமல் வேறு பக்கம் ஒதுக்கி வைத்தார். புருஷன் செய்ய வேண்டியதைச் சகலை செய்தார். ஒருநாள் ஒரு மூட்டை தவறி அவள் மேசைக்கு வந்துவிட்டது. அன்று மாலை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள், வேலைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

அது ஏழு மாதத்துக்கு முன்பு.

முதல் மூன்று மாதம் அவன் குடித்தான். பிறகு ஒரு விடியற்காலையில் பாய்லரின் அழுத்தமானி சிவப்புக்கோட்டைத் தாண்டி நிற்பதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், கை நகரவில்லை. சீக்கிரமே வேலைக்கு வந்திருந்த இஸ்திரிக்காரர் ஓடிவந்து வால்வைத் திறந்தார். அன்றோடு குடியை விட்டான். பகல் ஷிஃப்டுக்கு எழுதிக் கொடுத்தான், கிடைத்தது. பழைய இருட்டு வீட்டை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி, மாடியில், பெரிய ஜன்னல் வைத்த ஒரு வீட்டை எடுத்தான். தையல் மெஷினுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த ஜன்னல் அப்படித்தான் இருந்தது. அதன் கீழே ஒரு மேசையைப் போட்டான். சுவருக்கு அவனே வெள்ளையடித்தான்.

எல்லாம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சகலை வீட்டுக்குப் போய், அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

ஏன் சொல்லவில்லை என்றால், அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. அடிபட்டவள். முதலிலேயே ஏற்றினால் எழுந்து போய்விடுவாள். இப்போது போய் வீடு, ஜன்னல் என்று கடை பரப்பினால், லஞ்சம் கொடுக்கிறான் என்று நினைப்பாள், அல்லது பரிதாபப்பட்டு வருவாள். அவளாக வாயைத் திறந்து 'வரட்டுமா' என்று கேட்கட்டும். கேட்ட நிமிடம் சாவியை எடுத்து நீட்டலாம். அந்த நிமிடத்தை அவன் நூறு தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை டிரைவர் மூட்டையை இறக்கிவிட்டு பாய்லர் அறைக்கு வந்தார்.

"சகலை, விஷயம் தெரியுமா? அவளுக்கு வேற ஊர்ல வேல வந்திருக்கு. நாடகக் கம்பெனிக்கு உடுப்பு தைக்கிற எடம். தங்கறதுக்கும் அவங்களே குடுக்கறாங்க. வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

அவன் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டான். "என்ன சொல்லப் போறாளாம்?"

"அத நீ போய்க் கேளு. நான் வேன்காரன், தபால்காரன் இல்ல."

"அவளே கேப்பா சகலை."

"என்னத்தக் கேப்பா?"

"வரட்டுமான்னு."

டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் புடிக்கிற கததான் உன்னோடது. ஒன் கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. எது இருந்தாலும் போட்டுடு. நேரம் இல்ல."

"இருங்க சகலை. அவளப்பத்தி எனக்குத் தெரியும். சும்மா இருக்க மாட்டா. அவளே வைப்பா."

வியாழக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். கத்தரிக்கோலையும் பாபின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போக வந்தேன் என்றாள். மெலிந்திருந்தாள். இஸ்திரிக்காரர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காரு தாயி. நீ போனதுலேர்ந்து இங்க ஆட்டம் இல்ல, துக்கம் விசாரிக்கற மாதிரி இருக்கு. ஒரு கை ஆடிட்டுப் போ."

உட்கார்ந்தாள். டிரைவர் சீட்டுப் போட்டார். அவனுக்கு இரண்டு ஒன்பது வந்தது. ஆரம்பத்தில் ஆளுக்கு இரண்டு பொத்தான். மேசையில் மூன்று சீட்டு விழுந்தன: ஒரு ஒன்பது, ஒரு ஆர்ட்டின் ஆறு, ஒரு ஆர்ட்டின் ஜாக்கி. மூன்று ஒன்பது. அவன் முகம் வழக்கம்போலச் செத்தது.

இஸ்திரிக்காரர் கையைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். டிரைவரும் கவிழ்த்தார். மிச்சம் அவர்கள் இரண்டு பேர்.

முதலில் பேச வேண்டியவள் அவள். தட்டினாள்.

அவன் அவள் கையைப் பார்த்தான். அந்தக் கை தட்டி அவன் பார்த்ததில்லை. அங்கேயே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒன்றுமில்லாமல் தட்டுகிறாள், அடுத்ததில் வைப்பாள் என்று எண்ணி அவனும் தட்டினான்.

நாலாவது சீட்டு, ஒரு உதவாத இரண்டு. அவள் தட்டினாள். அவன் தட்டினான்.

"என்னய்யா இது, சீட்டாட்டமா கதவத் தட்டற ஆட்டமா?" என்றார் இஸ்திரிக்காரர். "யாராவது தொறங்களேன்."

ஐந்தாவது சீட்டு விழுந்தது. ஆர்ட்டின் நாலு. மேசையில் ஆர்ட்டின் இப்போது மூன்று.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். கன்னத்துக்குள் நாக்கை வைத்து அழுத்திக்கொண்டாள். உலர்த்தும் இயந்திரம் ஒன்று சுற்றி ஓய்ந்தது. அந்த இடைவெளியில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"இன்னைக்கு சாயங்காலம் அவங்களுக்குப் பதில் சொல்லணும். உங்களுக்கு எதாவது சொல்றதுக்கு இருக்கா?"

இதோ, இறங்கிவிட்டாள். வைக்க ஆரம்பித்துவிட்டாள். எதிராளி பொத்தானைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது குறுக்கே கை நீட்டுபவன் முட்டாள். இன்னும் ஒரு வார்த்தை, அதை அவளே சொல்லிவிடுவாள். சொல்லட்டும்.

இரண்டு தட்டுத் தட்டினான்.

அவள் அவன் விரல் முட்டியையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், கடைக்காரன் 'இல்லை' என்று சொன்னதும் சரி என்று திரும்புகிறவர்கள் ஆட்டுவது போல. இரண்டு சீட்டையும் கவிழ்த்து மேசையில் வைத்தாள். கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வரேன்," என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னாள். படியேறிப் போய்விட்டாள்.

அவனுக்கு ஒரு நிமிடம் சந்தோஷம்கூட வந்தது. கவிழ்த்துவிட்டாள், சரி, கோபம். ஞாயிற்றுக்கிழமை அவளே பேசுவாள்.

டிரைவர் அவள் வைத்துவிட்டுப் போன சீட்டுகளைத் திருப்பினார். இரண்டும் ஆர்ட்டின். மேசையில் மூன்று, கையில் இரண்டு. ஐந்தும் ஒரே ஜாதி. அவனுடைய மூன்று ஒன்பதை அது அடித்துவிடும்.

"ஜெயிச்ச கையக் கவுத்துட்டுப் போறா," என்றார் இஸ்திரிக்காரர்.

டிரைவர் அவன் சீட்டையும் திருப்பிப் பார்த்தார். "மூணு ஒம்போது. மூணு சீட்டு விழுந்தப்பவே ஏத்தியிருந்தா அவ இருக்காளா போறாளான்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். ரெண்டு சீட்ட ஓசியில குடுத்திருக்க." சீட்டைக் கீழே போட்டார். "அது போகட்டும். அவ கேட்டதுக்கு ஏன்டா தட்டுன?"

"அவளே சொல்லட்டும்னுதான்..."

"காலையிலேர்ந்து அவ அக்காகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தா. எப்படிக் கேக்கறதுன்னு. 'சொல்றதுக்கு இருக்கா'ன்னு கேக்கலாமா, 'நான் இருக்கட்டுமா'ன்னு கேக்கலாமான்னு. கத்திரிக்கோலுக்கா வந்தா? அக்கா வீட்டுல கத்திரிக்கோல் இல்லையா? அதக் கேக்கத்தான் வந்தா. நீ தட்டுன. 'ஒண்ணும் வைக்கல'ன்னு சொல்லி அனுப்பிட்ட."

அப்போதுதான் அவன் வீட்டைப் பற்றிச் சொன்னான். ஷிஃப்டைப் பற்றி, ஜன்னலைப் பற்றி. டிரைவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பொத்தான்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "ஷிஃப்டு முடிஞ்சதும் ஓடு," என்றார்.

ஐந்து மணிக்குக் கை கழுவாமல் ஓடினான். சகலை வீடு மூன்றாவது மாடி. அவள் அடுப்படியில், தன் படுக்கையைச் சுருட்டி வைத்திருந்த மூலையில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். மூச்சு வாங்க, முன்னுக்குப் பின் முரணாக, வாழ்நாளில் பேசாததையெல்லாம். பிள்ளையைப் பற்றியும் பேசினான். அது பையனா பெண்ணா என்று நர்ஸ் சொன்னதைத் தான் கேட்டதாகவும், அதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னான். சாவியை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான்.

அவள் சாவியைத் தொடவில்லை. "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"இடது கைப் பக்கம். நீ உக்காந்தா வெளிச்சம் நேரா துணி மேல விழும்."

"உக்காந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு ஒன்றாக மாறியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எப்ப எடுத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கதை மாறியிருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் அவன் முதல்முதலாக எல்லாச் சீட்டையும் திறந்து வைக்க வந்திருந்தான்.

"மூணு மாசம் ஆச்சு."

அவள் கையிலிருந்த ரவிக்கையை மடித்து முடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள்.

"அந்த மூணு மாசமும் நான் இங்க அடுப்பங்கரையில படுத்திருக்கேன். அக்கா ராத்திரி தண்ணி குடிக்க வந்தா என் காலத் தாண்டித்தான் போகணும். வாரா வாரம் நீங்க வந்து எதுத்தாப்புல உக்காந்துட்டுப் போனீங்க. பாவம், அந்த மனுஷன்கிட்ட ஒண்ணும் இல்ல, அதான் வாயத் தொறக்கலன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுத்தான் எனக்குக் கோவமே வரல. இல்லாதவன் மேல என்ன கோவம்?" நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க."

"நீயா வரணும்னு நெனச்சேன்."

"எப்பவும் நானாத்தானே வந்தேன். கல்யாணத்துக்கு நான் கேட்டேன். பேசுங்கன்னு நான் கேட்டேன். ராத்திரி போகாதீங்கன்னு நான் கேட்டேன். இன்னைக்கும் நான்தான் கேட்டேன். எங்கிட்ட இருந்தது தீந்து போச்சுங்க."

"மத்தியானமே சொல்லியிருந்தா?"

"வந்திருப்பேன். பைய எடுக்கக்கூட இங்க வந்திருக்க மாட்டேன்."

"இப்ப சொல்றேனே."

"கேட்டேன். நல்ல வீடு." பெட்டியை மூடினாள். "அவங்களுக்கு நாலு மணிக்கே போன் பண்ணிட்டேன். அது காரணம் இல்ல. இன்னொரு போன் பண்ணி வரலன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா இனிமே நீங்க சும்மா இருக்கறப்பல்லாம் நான் பயப்படுவேன். இவர்கிட்ட நெஜமாவே ஒண்ணும் இல்லையா, இல்ல, இருந்தும் என்னத் தவிக்க விட்டுப் பாக்கறாரான்னு. அப்படி ஒருத்தரோட குடும்பம் நடத்த முடியாது."

எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெல்லத்தான் சாத்தினாள்.

சாவி வைத்த இடத்திலேயே கிடந்தது. டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மொட்டைமாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

அவள் அக்கா வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். "உக்காருங்க தம்பி. சாப்பிட்டுப் போங்க."

"வேணாம் அண்ணி."

"கரியோட வந்திருக்கீங்க. கையக் கழுவிட்டு உக்காருங்க."

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடப்பது கேட்டது. ஏதோ ஒரு இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை.

அவனுக்குப் பசி இல்லை. வைத்ததைத் தின்று முடித்தான். முடித்துவிட்டால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் படியிறங்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்றாள் அக்கா.

"வைங்க அண்ணி," என்றான்.

அக்காவும் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு கரண்டியாக வைத்தாள்.